ஹேண்டல் சுவிட்ச் மக்கர் பண்ணுகிறதா? மாற்றுவதற்கு முன்னால் பிரித்துப் பாருங்கள்

ஹார்ன் அடிக்கவில்லை, இடது சிக்னல் மட்டும் எரியவில்லை, ஸ்டார்ட்டர் பட்டனை நாலு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை எடுக்கிறது. இப்படி எதையாவது சொல்லிக்கொண்டு மோட்டார்சைக்கிள் கடைக்குப் போனால் பெரும்பாலும் சுவிட்ச் செட்டையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி அனுப்பிவிடுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் மோட்டார்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு பட்டனுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கழற்றிப் போட்ட அந்தப் பழைய சுவிட்சைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் பாருங்கள். உடைந்தது, எரிந்தது என்று அநேகமாக எதுவும் இருக்காது. செம்மண், காய்ந்துபோன கிரீஸ், பச்சைக் களிம்பு, அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த சுவிட்சாக இருந்தால் அதன் பித்தளையும் ஸ்பிரிங்கும் புதிதாக மாட்டிய மலிவு செட்டைவிட நன்றாகவே இருக்கும்.

நான் இருப்பது மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம். இங்கே பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். தோட்டத்துக்குள் ஓடுகிற கப்சாய், அதாவது சின்ன மோட்டார்சைக்கிள், படுகிற பாடே தனி. வெயில் நாளில் செம்மண் புழுதி, மழை பெய்தால் அதே புழுதி சேறாகி இடுக்கில் போய் இறுகிக்கொள்ளும். அப்புறம் உரம். உர மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், உரம் அள்ளிய கையோடு ஹேண்டலைப் பிடித்தால், அந்தத் தூள் பட்டன் ஓரமாக உள்ளே இறங்கும். பொட்டாஷ் உரத்தில் இருப்பது குளோரைடு உப்பு, ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். அம்மோனியா கலந்த உரம் செம்பையும் பித்தளையையும் தேடிப் பிடித்துக் கெடுக்கும். ரப்பர் பால் எடுப்பவர்கள் பாலை உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் போத்தலை முன்கூடையில் போட்டுக்கொண்டு போகிறார்கள், அதைச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் போதாதென்று வாரக் கடைசியில் மோட்டார் கழுவும் கடையில் பிரஷர் தண்ணீரை நேராக சுவிட்ச் மேலேயே பீய்ச்சுவார்கள். அந்த சுவிட்ச் மழைக்குத் தாங்கும், பிரஷர் தண்ணீருக்குத் தாங்காது.

சரி, அறிகுறிக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

சுவிட்ச்தான் குற்றவாளியா?

சாவியைத் திறந்து ஹார்ன் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஹேண்டலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது அடிக்கிறது, மறுபக்கம் திருப்பினால் நின்றுவிடுகிறது என்றால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். கழுத்துப் பக்கம் வளைந்து வளைந்து ஒயரின் உள்கம்பி அறுந்திருக்கிறது, மேலே ரப்பர் மட்டும் முழுசாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் மெல்ல இழுத்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று நீளும். சிக்னலுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இதே சோதனை செல்லும்.

அடுத்து பேட்டரி. என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும், 12-க்குக் கீழே போய்விட்டால் முதலில் சார்ஜ் போடுங்கள். ஹார்ன் முனகுவதும் சிக்னல் சோம்பேறித்தனமாக மின்னுவதும் பல சமயம் பேட்டரி கொடுக்கிற வேலை, பழி மட்டும் சுவிட்ச் மேல் விழும்.

மல்டிமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய 12 வோல்ட் சிக்னல் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை எர்த்தில் கொடுத்து மறுமுனையால் தொட்டுப் பார்த்தால் எங்கே கரண்ட் வருகிறது, எங்கே நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹோண்டாவில் பச்சை ஒயர்தான் எர்த், கறுப்பு ஒயரில் சாவி திறந்ததும் கரண்ட் ஓடும். யமாஹாவில் நேர் எதிர், அங்கே கறுப்பு எர்த், கரண்ட் வருவது பழுப்பு ஒயரில். ஹோண்டா இஎக்ஸ்5-இல் கற்றுக்கொண்ட பழக்கத்தை அப்படியே யமாஹா எல்சி135-இல் காட்டினால் ஃபியூஸ் போய்விடும். அதுவும் நல்ல நாளாக இருந்தால்.

மல்டிமீட்டர் இருப்பவர்களுக்கு இன்னும் துல்லியமான வழி உண்டு. டிசி 20 வோல்ட்டில் வைத்து, சுவிட்சுக்குள் போகிற ஒயரில் ஒரு முள், வெளியே வருகிற ஒயரில் ஒரு முள், பட்டனை அழுத்துங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சுவிட்ச் சுத்தமாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த அளவுக்கு அழுக்கு கரண்ட்டைத் தின்கிறது. ஓம்ஸில் வைத்து அளந்தால் சில சமயம் அழுக்கு சுவிட்சும் நல்ல பிள்ளையாகத் தெரியும், லோடு கொடுத்து, அதாவது கரண்ட் ஓடும்போது, அளப்பதுதான் கணக்கு.

ஹார்ன் அடிக்கவில்லை, அல்லது அழுத்தி ஒரு பக்கமாக நெம்பினால்தான் அடிக்கிறது

"ஓரமாக அழுத்தினால் அடிக்கும்" என்று வண்டிக்காரரே சொல்கிற கேஸ் என்றால் தொண்ணூறு பங்கு அழுக்குதான், நேராகக் கீழே "பிரித்துக் கழுவுவது" பகுதிக்குப் போய்விடுங்கள். சுத்தமாகச் சத்தமே இல்லை என்றால் மட்டும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

ஹார்னில் இரண்டு வகை இணைப்பு உண்டு. ஒன்றில் கரண்ட் எப்போதும் ஹார்னிலேயே காத்துக்கொண்டிருக்கும், பட்டன் எர்த்தை மட்டும் கொடுக்கும். மற்றதில் எர்த் ஹார்னில் நிலையாக இருக்கும், பட்டன் வழியாகத்தான் கரண்ட் வரும். சாவியைத் திறந்து, பட்டனைத் தொடாமல், ஹார்னின் இரண்டு முனையிலும் டெஸ்ட் பல்பை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் பல்பு எரிந்தால் முதல் வகை. அப்போது மற்ற முனையை ஒரு துண்டு ஒயரால் எர்த்தில் தொட்டால் ஹார்ன் அலற வேண்டும். அலறினால் ஹார்ன் நல்லது, பட்டனோ அதன் ஒயரோதான் கெட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் பட்டனை அழுத்திக்கொண்டே பாருங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், ஃபியூஸ் நன்றாக இருந்தால் பட்டன். எரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் எர்த் அல்லது ஹார்ன். ஹார்ன் மேலே சின்ன அட்ஜஸ்ட் ஸ்குரூ இருந்தால், ஒயரை மாட்டி வைத்துக்கொண்டு கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் தூக்கிப் போடுங்கள்.

பழைய வண்டிகளில் சிலவற்றில் ஹார்ன் பட்டனுக்குத் தனியாக எர்த் ஒயர் இருக்காது, ஹேண்டல் இரும்பு வழியாகவே எர்த் எடுக்கும். பெயின்ட் அடித்த ஹேண்டலை ஆசைப்பட்டு மாற்றிய மறுநாளே ஹார்ன் ஊமையாகிவிட்டது என்றால் காரணம் இதுதான். சுவிட்ச் உட்காருகிற இடத்தில் நகக்கண் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் தீர்ந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரிய சத்தம் வேண்டும் என்று காருக்கு மாட்டுகிற இரட்டை ஹார்னை நேராகக் கப்சாய் பட்டனில் கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். வண்டியோடு வந்த ஹார்ன் இழுக்கிற கரண்ட்டைப் போல அது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பட்டனுக்குள் இருப்பதோ தாள் கனமுள்ள பித்தளைத் தகடு. ஒவ்வொரு முறையும் பொறி பறந்து தகட்டின் முனை கருகும். ரிலே போட்டுக்கொள்ளுங்கள், சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. 85, 86 என்று எழுதியிருப்பது சுருள், பட்டன் அங்கே. 30-இல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர், 87-இலிருந்து ஹார்னுக்கு. அதன் பிறகு பட்டன் சும்மா சைகை காட்டினால் போதும்.

சிக்னல்

ஒரு பக்கம் மட்டும் வேகமாக மின்னினால் சுவிட்சை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது பல்பு தொட்டியில் துரு, அல்லது எல்இடி பல்பு மாற்றிவிட்டு சிக்னலை மின்ன வைக்கிற ஃபிளாஷரைப் பழையதாகவே வைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் மின்னாமல் நிலையாக எரிந்தால் ஃபிளாஷரையும் பேட்டரியையும் பாருங்கள்.

ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து செத்திருக்கிறது, மற்ற பக்கம் நன்றாக இருக்கிறது. இதுதான் சுவிட்ச் கேஸ். ஹெட்லைட் மூடிக்குள் ஒயர்கள் சேர்கிற இடத்தில் ஹோண்டா என்றால் சாம்பல் நிற ஒயர் ஃபிளாஷரிலிருந்து வருவது, ஆரஞ்சு இடது பக்கம், வெளிர்நீலம் வலது பக்கம். சாவியைத் திறந்து சாம்பலையும் ஆரஞ்சையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பாருங்கள். இடது சிக்னல் மின்னினால் பல்பு, ஃபிளாஷர், எர்த் மூன்றும் நல்லது, சுவிட்சைப் பிரிக்கலாம். யமாஹாவில் ஃபிளாஷரிலிருந்து வருவது பழுப்பில் வெள்ளைக் கோடு, இடது சாக்லேட் நிறம், வலது கரும்பச்சை. வெயிலிலும் அழுக்கிலும் நிறம் மங்கிப்போயிருக்கும், துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

கரண்ட் எல்லாம் சரி, ஆனால் குமிழைத் தள்ளினால் "டக்" என்று உட்காராமல் வழவழவென்று போகிறது, பள்ளத்தில் குதித்தால் தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறது என்றால் உள்ளே இருக்கிற சின்ன இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்துவிட்டன, அல்லது யாரோ பிரித்தபோது தொலைந்துவிட்டன. இதற்கு நேர்மாறாகக் குமிழ் கல்லாக இறுகி, கட்டைவிரல் வலிக்கிற அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் பழைய கிரீஸ் மெழுகாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கேஸ் நல்ல கேஸ், கழுவினால் புதுசாகிவிடும்.

ஹெட்லைட்

இங்கே மலேசியாவில் 1992-இலிருந்து மோட்டாருக்குப் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். ஓடுகிற நேரமெல்லாம் அந்த சுவிட்ச் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது, ஹார்ன், சிக்னல், ஸ்டார்ட்டர் சுவிட்சுகளுக்கு இந்தத் தலையெழுத்து இல்லை. அதனால்தான் பிரிக்கும்போதெல்லாம் ஹை லோ மாற்றுகிற சுவிட்ச்தான் முதலில் கருகியிருக்கும்.

சோதிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது: பழைய கப்சாய் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, என்ஜின் ஓடும்போது வருகிற ஏசி கரண்ட்டில் எரியும். சாவியை மட்டும் திறந்துவிட்டு "லைட் வரவில்லை" என்று சுவிட்சைப் பிரித்து உட்கார்ந்தால் நாள் போவதுதான் மிச்சம்.

லோ எரிகிறது, ஹை எரியவில்லை, அல்லது மாற்றி. முதலில் பல்பைக் கழற்றி இழையைப் பாருங்கள், ஒரு பல்பில் இரண்டு இழை. பல்பு நல்லது என்றால் மாற்றுகிற சுவிட்சுக்குள் ஒரு புள்ளியில் கருப்பு படிந்திருக்கிறது. குமிழை நடுவில் நிறுத்தினால் மட்டும் இரண்டும் எரிகிறது, கோடிக்குப் போனால் அணைகிறது என்றாலும் இதேதான், கோடியில் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது.

கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு சுவிட்ச் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் ஒயர் பற்றவைத்த இடத்தில் ஈயம் விட்டிருக்கலாம், அல்லது 35 வாட் பல்புக்குப் பதிலாக 60 வாட் போட்டிருக்கிறீர்கள். 12 வோல்ட்டில் 35 வாட் என்றால் மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே, 60 வாட் என்றால் ஐந்து. இரவில் செம்பனைக் காட்டுச் சாலையில் வெளிச்சம் பத்தவில்லை என்பது நியாயமான புகார்தான், ஆனால் அதற்குப் பலியாவது இந்தப் பொட்டு சுவிட்ச். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறிவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை.

ஸ்டார்ட்டர்

பட்டனை அழுத்தினால் ரிலே "டிக்" என்கிறது, என்ஜின் சுற்றவில்லை. பட்டன் தன் வேலையைச் செய்துவிட்டது. பேட்டரி, ரிலேயின் தடித்த முனைகள், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன், இந்த வரிசையில் போங்கள்.

டிக் என்ற சத்தமே இல்லை. ஸ்கூட்டர் என்றால் பிரேக்கைப் பிடித்திருக்கிறீர்களா, பிடித்தபோது பின் லைட் எரிகிறதா? பிரேக் சுவிட்ச் கெட்டாலும் ஸ்டார்ட்டர் எடுக்காது. கிளட்ச் வண்டியில் நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். என்ஜினை அணைக்கிற கில் சுவிட்ச் உள்ள வண்டி என்றால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது அடிக்கடி நடக்கும். எல்லாம் சரி என்றால் பட்டனைப் பிரிக்கலாம்.

இப்போது ஆபத்தான கேஸ். என்ஜின் எடுத்துவிட்டது, கையை எடுத்துவிட்டீர்கள், ஆனால் ஸ்டார்ட்டர் "கர்ர்" என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உடனே சாவியை மூடுங்கள். சத்தம் நின்றால் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது, ஸ்பிரிங் சேற்றில் மாட்டியிருக்கும், கழுவினால் சரியாகும். சாவியை மூடியும் நிற்கவில்லை என்றால் ரிலேவுக்குள் இரண்டு தகடும் ஒட்டிக்கொண்டுவிட்டன, அதன் பெரிய கரண்ட் சாவி வழியாக வருவதில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றித்தான் நிறுத்த முடியும். யோசித்துக்கொண்டு நின்றால் ஒயர் புகையும். அந்த ரிலேயைச் சுத்தம் செய்து மறுபடி போடுகிற வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பிரேக் லைட் பற்றி இரண்டு வரி. பின் பிரேக் சுவிட்ச் ஸ்பிரிங்கில் தொங்குகிற வகை என்றால், லைட் தாமதமாக எரிந்தாலோ அணையாமல் இருந்தாலோ சுவிட்சின் உடம்பைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்பைத் திருப்பினால் ஒயர் முறுக்கிக்கொண்டு அறும்.

பிரித்துக் கழுவுவது

நேராகப் பிரிக்காமல் வெளியிலிருந்தே ஸ்ப்ரே அடித்தால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் பக்கத்து லைனில் ஒரு அண்ணன் மாசத்துக்கு ஒரு முறை பட்டன் இடுக்கில் டபிள்யூடி-40 அடிப்பார். "தம்பி, ரெண்டு நாள் நல்லாத்தான் அடிக்குது, அப்புறம் மறுபடியும் ஊமையாயிடுது" என்பார். "அண்ணே, உள்ள இருக்கிற மண்ணு எங்க போகும், நீங்க அதுக்கு எண்ணெய் ஊத்திக் குழைச்சு வைக்கிறீங்க" என்று சொன்னால் சிரித்துவிட்டு மறுபடியும் அடிப்பார். அந்த ஸ்ப்ரே ஈரத்தை விரட்டுவதில் கெட்டிக்காரன், துரு பிடித்த ஸ்குரூவைத் தளர்த்தும். ஆனால் போகும்போது மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், புழுதி வந்து அதில் ஒட்டும். அவசரத்துக்கு வழியில் அடித்து வீடு வந்து சேரலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வேண்டியவை: காண்டாக்ட் கிளீனர் ஒரு டின், பிளாஸ்டிக்கைத் தின்னாத வகையா என்று டின்னில் படித்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் விற்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பழைய பல் துலக்கும் பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர், பல்குச்சி, வெள்ளைத் துணி. பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் எதையும் சுவிட்ச் பக்கம் கொண்டுவராதீர்கள். ஒரு நிமிஷம் பளபளவென்று இருக்கும், மறுநாள் பிளாஸ்டிக் விரிசல் விட்டு நிற்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு அடியில் இரண்டு ஸ்குரூ இருக்கும், சில சமயம் இரண்டும் ஒரே நீளம் இல்லை, எது முன்னால் எது பின்னால் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் வண்டிகளின் ஸ்குரூ தலை ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர வகை. பார்க்க சாதாரண நட்சத்திரத் தலை மாதிரியே இருந்தாலும் சாதாரண ஸ்குரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கித் தலையை மொட்டையாக்கிவிடும். ஜேஐஎஸ் டிரைவர் இல்லையென்றால் நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். துரு பிடித்திருந்தால் முந்தின ராத்திரியே துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு வையுங்கள், இங்கே அந்த ஸ்ப்ரேவுக்கு வேலை உண்டு.

பெட்டி இரண்டாகப் பிரியும்போது அவசரப்பட்டு இழுக்காதீர்கள், ஒயர் நீளம் குறைவு. வலது பக்கப் பெட்டிக்குள் ஆக்சிலேட்டர் கேபிளும் இருக்கும். பிரித்தவுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காதவர்கள் எல்லாரும் அப்புறம் வருத்தப்படுவார்கள்.

சிக்னல் குமிழைத் தாங்குகிற தட்டைக் கழற்றும்போது முழு வேலையையும் ஒரு பெரிய துணி மேல் வைத்து, முடிந்தால் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். தட்டு கொஞ்சம் தூக்கியதுமே மிளகைவிடச் சின்ன இரும்புக் குண்டு ஒன்று துள்ளும், அதற்கடியில் பேனா ஸ்பிரிங்கைவிட மெலிந்த ஸ்பிரிங். தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. குண்டை எடுத்த பிறகு தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பித்தளை நகரும் பாதையில் இரண்டு பக்கமும் கருப்பு விளிம்பு கட்டி, நடுவில் மட்டும் ஒரு கோடு மஞ்சளாகத் தேய்ந்திருக்கும். கோடு முடிகிற இடத்தில், குமிழ் தினமும் உட்காருகிற அந்தப் புள்ளியில், பச்சையாகப் பொரிந்த களிம்பு. உரம் ஏற்றுகிற வண்டியில் அது நீலம் கலந்த பச்சையாக, உப்பு பூத்தது போல இருக்கும். சில சமயம் களிம்போடு ஒரு எறும்பும் தட்டையாகக் கிடக்கும். எறும்புக்கு சுவிட்ச் பெட்டி மேல் என்ன பிரியமோ, நாள் கணக்கில் நிறுத்தி வைத்த மோட்டாரில் குடும்பத்தோடு குடியேறிவிடும். நடுவில் நசுங்கிய ஒரே ஒரு எறும்பு போதும், ஹார்ன் ஊமையாக.

முதலில் கிளீனரை அடித்து மண்ணை ஊற வைத்து பிரஷ்ஷால் தள்ளுங்கள், ஓடுகிற அழுக்கைத் துணியில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலையிலிருந்து கிளம்பி இன்னொரு மூலையில் போய் உட்காரும். காய்ந்த கிரீஸைப் பல்குச்சியால் வழித்தெடுங்கள், இரும்பு முனை வேண்டாம். களிம்புக்குப் பென்சில் ரப்பரே போதும், தேய்க்கத் தேய்க்கப் பித்தளை நிறம் வெளியே வரும். அதற்கும் அசையாவிட்டால் 1500 அல்லது 2000 நம்பர் உப்புத்தாளை ஒரு தீக்குச்சி அகலத்துக்கு வெட்டி, இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவே. கரடுமுரடான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தால் மேல் பூச்சு போய்விடும், கீறலுக்குள் ஈரம் தங்கி மறு மழைக்குள் மறுபடியும் பச்சை பிடிக்கும். கடைசியில் இன்னொரு முறை கிளீனர் அடித்து, நன்றாகக் காய விடுங்கள். வெயிலில் வைத்துவிட்டுப் போய் டீ குடித்து வரலாம்.

ஒயர் பற்றவைத்த இடங்களை இப்போதே ஆட்டிப் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரிந்தால் சால்டரிங் கோலால் ஒரு தொடு தொட்டுவிட்டு மூடுங்கள். திரும்பப் பிரிக்கிற வேலை மிச்சம்.

எண்ணெயா, கிரீஸா, எங்கே எவ்வளவு

எல்லாரும் அதிகமாகப் போட்டுக் கெடுப்பது இங்கேதான். சுவிட்சுக்குள் இரண்டு விதமான இடம் இருக்கிறது. பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் வழுக்குகிற இடம், குண்டும் ஸ்பிரிங்கும் உட்காருகிற குழி, இவற்றுக்குக் கிரீஸ் வேண்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் ஒரு பல்குச்சி முனை அளவு. குழியில் கிரீஸை வைத்தால் குண்டு அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், மூடும்போது துள்ளாது, அது ஒரு உபரி லாபம்.

கரண்ட் போகிற பித்தளை வேறு. டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று விற்கிற சிலிக்கோன் கிரீஸ் கரண்ட்டைக் கடத்தாது, பெயரை வைத்துக் கடத்தும் என்று நினைத்துக்கொண்டு அப்புகிறவர்கள் உண்டு. தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி நகர்கிற சிக்னல் சுவிட்சில் மெல்லிசாக இருந்தால் உரசலே அதை ஒதுக்கிவிட்டு உலோகம் உலோகத்தைத் தொடும், சுற்றியிருக்கிற படலம் ஈரத்தைத் தடுக்கும். எவ்வளவு மெல்லிசு என்றால் தோசைக்கல்லில் எண்ணெய் தடவித் துணியால் துடைத்த பிறகு மிச்சம் இருக்குமே, அவ்வளவு. ஹார்ன், ஸ்டார்ட்டர் பட்டன்கள் உரசாது, வந்து தட்டிவிட்டுப் போகும், ஒவ்வொரு தட்டுக்கும் சின்னப் பொறி பறக்கும். பொறி பறக்கிற இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் கருகிக் கடத்தாத பொருக்காகப் படியும். அங்கே தட்டுகிற முகத்தை உலர்ந்தபடியே விட்டுவிடுங்கள், பட்டன் வழுக்குகிற பக்கச் சுவருக்கு மட்டும் கிரீஸ்.

வாசலின் போடலாமா என்று கேட்பார்கள். பழைய மெக்கானிக்குகள் போட்டார்கள், ஓடவும் ஓடியது. ஆனால் நம் ஊர் வெயிலில் தோட்டத்து ஆட்கள் கூடுகிற பிரட்டுக் களத்தில் மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைத்த மோட்டாரில் அது இளகி இறங்கிவிடும், இறங்குகிற வழியில் புழுதியையும் கூட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குப் போடுகிற பேரிங் கிரீஸ் வேண்டாம், சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதையும் போட்டுக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள், பிசினாகிப் போயிருந்தது.

சாவித் துவாரத்துக்கும் எண்ணெய் விடாதீர்கள், கிராஃபைட் தூள் இருந்தால் கொஞ்சம் ஊதிவிடுங்கள்.

மூடுவதும் சோதிப்பதும்

பெட்டியின் உள்பக்கம் ஒரு சின்ன முளை இருக்கும், ஹேண்டல் குழாயில் அதற்கென்று ஒரு ஓட்டை. முளை ஓட்டையில் உட்கார்ந்தால்தான் பெட்டி சுற்றாது. உட்காராமல் ஸ்குரூவை இறுக்கினால் முளை முறியும், அப்புறம் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் பெட்டியே நகரும். ஒயர் எதுவும் விளிம்பில் நசுங்கவில்லை என்று பார்த்து, முதலில் முன் ஸ்குரூ, அப்புறம் பின் ஸ்குரூ, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். சில பேர் தண்ணீர் போகக்கூடாது என்று சுற்றிலும் சிலிக்கோன் பசை போட்டு அடைப்பார்கள், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே வெந்து கிடக்கும்.

எப்போது மாற்றுவது? பிளாஸ்டிக் உருகியிருந்தால், தகடு பாதி தேய்ந்து தாளாகியிருந்தால், குண்டு உட்காருகிற பள்ளம் வழவழப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். அப்போதும் பத்து வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் என்று பெயர் தெரியாத செட்டுக்குப் போகாமல், இதே மாடலின் பழைய ஒரிஜினல் சுவிட்ச் எங்காவது கழற்றிக் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதைக் கழுவி மாட்டுவது எனக்கு எப்போதும் முதல் தேர்வு. மலிவு செட்டில் ஒயர் நிறங்களும் கம்பெனி நிறங்களோடு ஒத்துப்போகாது, அதோடு சண்டை போடுவதே தனி வேலை.

பேட்டரி ஒயரை மாட்டி ஒவ்வொரு பட்டனையும் தட்டிப் பாருங்கள். வலது பக்கத்தைப் பிரித்திருந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை விடுங்கள், தானாகத் துள்ளிப் பழைய இடத்துக்கு வர வேண்டும். அப்புறம் நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். திருப்பும்போது என்ஜின் சத்தம் தானாக ஏறினால் கேபிள் பெட்டிக்குள் தப்பான வழியில் படிந்திருக்கிறது, சாலைக்கு எடுக்காதீர்கள், மறுபடியும் அந்த இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, எடுத்து வைத்த படத்தைப் பார்த்துக் கேபிளை அதன் இடத்தில் வைத்து மூடுங்கள்.